வீட்டுத்தோட்டத்தில் பட்டாம்பூச்சிப் புழுக்களை உற்றுநோக்கல்

கறிவேப்பிலைச் செடியின் தளிர்களில் ஓரம் கடிபட்டிருப்பதையும், கீழ் இலைகளில் கடுகு போன்ற கரிய உருண்டைகள் கிடப்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். செடிக்கு நோய் வந்துவிட்டது என்று எண்ணி மருந்து தேடுவதே பெரும்பாலும் அடுத்து நடப்பது. ஆனால் அந்தக் கடியும் உருண்டைகளும் ஒரு பட்டாம்பூச்சி அங்கே வளர்ந்துகொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பூக்களைத் தேடி வரும் பட்டாம்பூச்சிகளை விரும்பி வரவேற்கும் வீடுகளில்கூட, இலையைத் தின்னும் அதே பூச்சியின் இளம்பருவம் நசுக்கப்படுகிறது.

தேன் தரும் பூச்செடிகளை மட்டும் நட்ட தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சிகள் விருந்தினராக வந்து போகும். அவை அங்கேயே பிறந்து பெருக, புழுக்கள் தின்பதற்கேற்ற இலை வேண்டும். அந்த இலை தின்னப்படுவதற்கு வீட்டார் இடம் கொடுக்கவும் வேண்டும். அதற்குச் செடியில் இருப்பது எந்தப் புழு, அது எவ்வளவு தின்னும், எப்போது போய்விடும் என்பன தெரிந்திருக்க வேண்டும். இவற்றை அறிய ஒரு செடியும், ஒரு குறிப்பேடும், ஏறத்தாழ ஒரு மாதப் பொறுமையும் போதும்.

புழுப்பருவம் எதற்காக?

பட்டாம்பூச்சியின் வாழ்க்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகள் உண்டு. இவற்றுள் உடல் வளர்வது புழுப்பருவத்தில் மட்டுமே. கூட்டிலிருந்து வெளிவந்த பட்டாம்பூச்சி அதன்பின் பெரிதாவதில்லை. சிறிய பட்டாம்பூச்சியைக் குட்டி என்று நினைப்பது தவறு. அது சிறிய இனமாகவோ, புழுவாக இருந்தபோது போதிய உணவு கிடைக்காததாகவோ இருக்கும்.

புழுவின் தலையில் இலையை வெட்டும் வலிய தாடைகள் உள்ளன. தலையின் இருபுறமும் மிகச் சிறிய எளிய கண்கள் இருக்கின்றன. அவற்றால் ஒளியையும் இருளையும் பிரித்தறிய முடியும். நம்மைப் போல் தெளிவாகப் பார்க்க முடியாது. தலைக்கு அடுத்த மார்புப் பகுதியில் மூன்று இணை உண்மைக்கால்கள் உண்டு. பின்னுடலில் உள்ள ஐந்து இணை சதைக்கால்கள் போலிக்கால்கள் எனப்படும். போலிக்கால்களின் நுனியில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால், காற்றில் ஆடும் இலையிலும் புழு விழாமல் பற்றிக்கொள்கிறது.

புழுவின் தோல் ஓரளவுக்கு மேல் விரியாது. ஆகவே அது வளர வளரப் பழைய தோலை உரிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பட்டாம்பூச்சிப் புழுக்கள் நான்கு முறை தோலுரித்து ஐந்து வளர்நிலைகளைக் கடக்கின்றன. தோலுரிப்பதற்கு முன் புழு ஒரு நாள் அளவுக்குத் தின்னாமல் அசையாமல் இருக்கும். நோயுற்றதோ என்று எண்ணி அப்போது அதைத் தொடக்கூடாது.

தாய் செடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒவ்வொரு இனப் புழுவும் குறிப்பிட்ட சில தாவரங்களை மட்டுமே தின்னும். அவை அந்த இனத்தின் உணவுத் தாவரங்கள். முட்டையிலிருந்து வரும் சின்னஞ்சிறு புழுவால் தொலைவிலுள்ள செடியைத் தேடிப் போக முடியாது. அதனால் சரியான செடியைக் கண்டுபிடிப்பது தாயின் வேலையாகிறது.

முட்டையிட வரும் பட்டாம்பூச்சியை எளிதில் அடையாளம் காணலாம். அது பூவை நாடாது. இலைக்கு இலை தாவிப் படபடத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கணம் முன்கால்களை ஊன்றிப் பார்க்கும். அக்கால்களில் சுவையறியும் உணர்விகள் உள்ளன. இலையின் வேதிப்பொருள்களைக் காலால் சுவைத்து, தக்க செடிதான் என உறுதியானபின் வயிற்றை வளைத்து முட்டையிடும்.

தாவரங்கள் தம்மைத் தின்பவற்றைத் தடுக்க இலைகளில் பல நச்சுப்பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. சில பூச்சியினங்கள் அந்த நஞ்சைத் தாங்கும் திறனைப் பெறுகின்றன. அத்திறன் பெற்றவற்றுக்குப் பிற பூச்சிகள் நெருங்காத அந்தச் செடியே போட்டியற்ற உணவாகிவிடுகிறது. தாவரமும் பூச்சியும் ஒன்றையொன்று இவ்வாறு மாற்றிக்கொண்டே வருவதைப் பால் எர்லிச், பீட்டர் ராவன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். இணைப்படிமலர்ச்சி பற்றிய ஆய்வுகளுக்கு அக்கட்டுரை அடிப்படையாக அமைந்தது. அவர்கள் சான்றாக எடுத்துக்கொண்டவை பட்டாம்பூச்சிகளும் அவற்றின் உணவுத் தாவரங்களுமே.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் காண்பவை

தமிழகத்து வீடுகளில் உற்றுநோக்கலைத் தொடங்க ஏற்றவை கறிவேப்பிலையும் எலுமிச்சையும். இவையும் நாரத்தை, வில்வம் ஆகியவையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை அழகி எனப்படும் பாப்பிலியோ டெமோலியஸ், கறிவேப்பிலை அழகி எனப்படும் பாப்பிலியோ பாலிடெஸ் ஆகிய இரு பட்டாம்பூச்சிகளும் இச்செடிகளில் முட்டையிடுகின்றன.

முட்டை வெளிர்மஞ்சள் நிறத்தில், உருண்டையாக, ஏறத்தாழக் கடுகளவில் இருக்கும். இளந்தளிரில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடப்படும். வெப்பமான நாட்களில் மூன்று முதல் ஐந்து நாட்களில் பொரியும். பொரிவதற்கு முன் முட்டையின் நிறம் கருக்கும். வெளிவந்த புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்றுவிட்டு, அதன்பிறகே இலைக்கு வரும்.

முதல் நான்கு வளர்நிலைகளிலும் இப்புழு கரும்பழுப்பாக, இடையிடையே வெள்ளைத் திட்டுகளுடன் பளபளப்பாகத் தோன்றும். பார்ப்பவருக்கு அது இலையில் விழுந்த பறவையின் எச்சம் போலவே இருக்கும். பறவைகளின் கண்ணுக்கும் அப்படியே படுவதால், இலையின் மேற்பரப்பில் மறைவின்றிக் கிடந்தாலும் அது தப்பிக்கிறது.

நான்காவது தோலுரிப்புக்குப் பின் அதே புழு பச்சை நிறத்துக்கு மாறிவிடும். பக்கவாட்டில் பழுப்பும் வெண்மையுமான சாய்ந்த பட்டைகள் தெரியும். முந்தைய நாள் பார்த்த எச்சம் போன்ற புழு எங்கே போயிற்று, இந்தப் பச்சைப்புழு எங்கிருந்து வந்தது என்று முதன்முறை பார்ப்பவர்கள் குழம்புவதுண்டு. உடல் பெரிதானபின் எச்சம் போன்ற வேடம் பொருந்தாது. இலையோடு இலையாக மறைவதே அப்போது பயன் தரும். இந்த நிறமாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே பேரினத்தைச் சேர்ந்த பாப்பிலியோ சூத்தஸ் புழுக்களில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். புழுவின் உடலில் இளம்பருவ ஹார்மோனின் அளவு குறையும்போது அடுத்த தோல் பச்சையாக உருவாகிறது என்பது அவர்களின் முடிவு.

புழுவை மெல்லிய குச்சியால் இலேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, கவையாகப் பிரிந்த, ஈரமான உறுப்பு ஒன்று சட்டென வெளியே நீளும். அத்துடன் காரமான நெடியும் வீசும். ஆஸ்மெட்டீரியம் எனப்படும் இவ்வுறுப்பு அழகிகளின் குடும்பப் புழுக்களுக்கே உரியது. எறும்பு போன்ற எதிரிகளை விரட்ட உதவும் அது மனிதருக்குத் தீங்கு செய்யாது. ஒரு முறை பார்த்தால் போதும். அடிக்கடி சீண்டினால் புழு தன் ஆற்றலை வீணாக்க நேரிடும்.

புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசி வளர்நிலையில்தான் தின்கிறது. அதனால் இரண்டு வாரமாகத் தெரியாதிருந்த சேதம், கடைசிச் சில நாட்களில் திடீரெனக் கண்ணில் படுகிறது. மருந்து தெளிக்கும் எண்ணம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் எழும். ஆனால் அந்நேரத்தில் புழு தின்பதை நிறுத்தப்போகும் கட்டத்துக்கு வந்திருக்கும்.

புழு காணாமற்போகும் நாள்

முழுவளர்ச்சி அடைந்த புழு ஏறத்தாழ நான்கு செ.மீ. நீளம் இருக்கும். அது ஒரு நாள் தின்பதை விட்டுவிட்டு, குடலில் மிஞ்சியதை நீர்த்த கழிவாக வெளியேற்றும். பின்னர் கூடு கட்ட இடம் தேடி நடக்கத் தொடங்கும். சில புழுக்கள் அதே செடியின் கிளையிலேயே தங்கும். சில இறங்கிச் சுவர், வேலி, பூந்தொட்டியின் விளிம்பு வரை போய்விடும். பறவை கொத்திவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் செடியைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் தொலைவுவரை தேடிப் பார்க்க வேண்டும்.

இடம் கிடைத்ததும் புழு பட்டுநூலால் ஒரு சிறு மெத்தை நெய்து, அதில் தன் பின்முனையைப் பொருத்தும். அடுத்து உடலைச் சுற்றி ஒரு நூல் வளையம் அமைத்து, பனையேறி இடுப்பில் வடம் கட்டிச் சாய்வதைப் போல் சாய்ந்து நிற்கும். ஓரிரு நாளில் தோல் உரிந்து கூட்டுப்புழு வெளிப்படும். பசுமையான இடத்தில் அது பச்சையாகவும், காய்ந்த கிளை போன்ற இடத்தில் பழுப்பாகவும் அமைவதைக் காணலாம்.

ஒன்று முதல் இரண்டு வாரங்களில் பட்டாம்பூச்சி வெளிவரும். அதற்கு முந்தைய நாள் கூட்டின் ஊடே இறகின் நிறங்கள் தெரியத் தொடங்கும். வெளிவந்த பூச்சியின் இறகுகள் முதலில் கசங்கியிருக்கும். தொங்கியபடி அவற்றுள் உடல்நீரைச் செலுத்தி விரித்து, உலர்ந்தபின்னரே அது பறக்கும். அப்போது இறகைத் தொட்டால் அது நிரந்தரமாகக் கோணிப்போகும்.

எலுமிச்சை அழகியா கறிவேப்பிலை அழகியா என்பது அநேகமாக இந்த நாளில்தான் உறுதியாகத் தெரியும். கறுப்பு இறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள் நிறைந்து, பின்னிறகில் வால் இல்லாமல் இருந்தால் அது எலுமிச்சை அழகி. பின்னிறகில் வால் இருந்தால் கறிவேப்பிலை அழகி. இதன் ஆணுக்குக் கறுப்புப் பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை உண்டு.

பிற செடிகளில் தேட வேண்டியவை

எருக்கு: வெந்தய வரியன் எனப்படும் டனாஸ் கிரிசிப்பஸின் உணவு. புழுவின் உடலில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் மூன்று இணை கரிய கொம்பு போன்ற நீட்சிகளும் இருக்கும். எருக்கம்பாலின் நஞ்சைத் தாங்கும் இப்புழு ஒளிந்துகொள்வதில்லை. இதன் பளிச்சென்ற நிறமே எதிரிகளுக்கு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு ஏற்படும் என்பதால் பெரியவர்களின் துணையின்றிச் சிறுவர்கள் இதைத் தொடக்கூடாது.

அரளி: யூப்ளோயியா கோர் என்னும் கரும்பழுப்புப் பட்டாம்பூச்சியின் புழு இதில் வளரும். இதன் கூட்டுப்புழு பொன்முலாம் பூசியது போல் பளபளக்கும். இலைக்கடியில் தொங்கும் அதைக் காதணி என்றே சொல்லலாம். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை. பார்த்தபின் கைகழுவ வேண்டும்.

ஆமணக்கு: அரியாட்னி மெரியோனி என்னும் செம்பழுப்புப் பட்டாம்பூச்சியின் முள்ளுடைய புழுக்கள் இதில் காணப்படும்.

ரணகள்ளி: டலிகாடா நைசியஸ் என்னும் சிறு பட்டாம்பூச்சியின் புழு, இதன் தடித்த இலைக்குள் புகுந்து மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையிலுள்ள சதையைத் தின்னும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே புழு நகர்வது நிழலாகத் தெரியும்.

சைகஸ்: அழகுக்காக வளர்க்கப்படும் இச்செடியின் புதிய குருத்தில் சிலேட்ஸ் பண்டவா என்னும் நீலப்பட்டாம்பூச்சியின் சிறு புழுக்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி எறும்புகள் மொய்ப்பதைக் காணலாம். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக வரும் எறும்புகள், புழுவின் எதிரிகளை அண்டவிடுவதில்லை.

ஆடுதீண்டாப்பாளை: ரோசா அழகியின் புழு இதைத் தின்னும். கருஞ்சிவப்பு உடலில் சதைப்பற்றான முனைகளும் நடுவே வெண்பட்டையும் இருக்கும். ஆடும் தீண்டாத இச்செடியின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, பட்டாம்பூச்சியான பின்னும் தங்கிவிடுகிறது. அதனால் ரோசா அழகியைப் பறவைகள் தின்பதில்லை. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, ரோசா அழகியைப் போன்ற தோற்றத்தால் தப்பிக்கிறது. இத்தோற்றத்தை முடிவு செய்வது டபுள்செக்ஸ் என்னும் ஒரே மரபணு என்பதை இந்திய அறிவியலாளர் கிருஷ்ணமேக குண்டேயும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்டனர். கறிவேப்பிலை தின்று வளர்ந்த பட்டாம்பூச்சி உயிர்பிழைக்க, வேலியோரத்து ஆடுதீண்டாப்பாளையும் உதவுகிறது.

குழப்பிக்கொள்ளக் கூடாதவை

இலை தின்னும் புழுக்கள் எல்லாமே பட்டாம்பூச்சிகளாக மாறுவதில்லை. அந்துப்பூச்சிகளின் இனங்களே எண்ணிக்கையில் மிகுதி. முருங்கை மரத்தின் அடித்தண்டில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்புழுக்கள் யூப்டெரோட் மோலிஃபெரா என்னும் அந்துப்பூச்சியினுடையவை. அவற்றின் மயிர் பட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். மயிரடர்ந்த எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடாதிருப்பதே பாதுகாப்பு.

எதிரிகள்

ஒரு செடியில் பத்து முட்டைகளைக் கண்டவர் பத்துப் பட்டாம்பூச்சிகளை எதிர்பார்க்கக் கூடாது. முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவி தொடங்கி எறும்பு, சிலந்தி, ஓணான், பறவை வரை புழுவுக்கு எதிரிகள் பல. சில புழுக்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியின் புழுக்கள் வெளியேறி அருகிலேயே அரிசி போன்ற சிறு வெண்கூடுகளைக் கட்டும். வருத்தம் தரும் காட்சியாயினும் இதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மனிதர் தலையிடாமலே புழுக்களின் எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பதற்கு இந்த எதிரிகளே காரணம்.

உற்றுநோக்கும் முறை

ஒரே செடியை நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது. கவாத்து செய்தபின்னும் மழைக்குப்பின்னும் தளிர் விடும் காலத்தில் முட்டைகளை எளிதாகக் காணலாம். புதிய கடி, புழுக்கை, முட்டை என்ற வரிசையில் தேடினால் புழு அகப்படும். முட்டையுள்ள கிளையில் நூல் ஒன்றைக் கட்டி அடையாளமிடலாம். தேதி, புழுவின் நீளம், நிறம், தின்ற இலை, தோலுரித்த நாள், வானிலை ஆகியவற்றை எழுதி, ஒரு படமும் வரைந்து வைக்கலாம். நீளத்தை அளக்கப் புழுவை எடுக்க வேண்டியதில்லை. அருகில் அளவுகோலைப் பிடித்தால் போதும்.

புழுவையும் அது தின்னும் செடியையும் சேர்த்தே பதிவு செய்வது முக்கியம். ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் 13 வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து உற்றுநோக்கியவர். புழு, கூடு, பூச்சி மூன்றையும் உணவுத் தாவரத்தோடு ஒரே படத்தில் வரைந்து 1679-இல் அவர் நூலாக வெளியிட்டார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது.

புழுவைப் பெட்டியில் வளர்க்க விரும்பினால், காற்றோட்டமுள்ள வலைமூடியும், நாள்தோறும் புதிய இலையும், கூடு கட்ட ஒரு குச்சியும் தேவை. இலை அது பிறந்த அதே வகைச் செடியினுடையதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எஞ்சியிருந்தால் புழு இறந்துவிடக்கூடும். தண்ணீர் வைக்க வேண்டியதில்லை; இலையின் ஈரமே போதும்.

மருந்து தெளிக்க வேண்டுமா?

நன்கு வளர்ந்த கறிவேப்பிலைச் செடி நாலைந்து புழுக்களைத் தாங்கும், மீண்டும் தளிர்க்கும். சமையலுக்கு அன்றாடம் பறிக்கும் இலையில் நஞ்சைத் தெளிப்பதால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் புழு தின்ற இலையின் இழப்பு சிறிது. இயற்கை மருந்து என்பதால் புழுவுக்குக் கேடில்லை என்று நினைப்பதும் தவறு. வேப்பெண்ணெய்க் கரைசல் புழுவின் உணவையும் தோலுரிப்பையும் தடுக்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்துக்கு அந்துப்புழு எது, பட்டாம்பூச்சிப்புழு எது என்ற வேறுபாடு தெரியாது. பொதுவான பூச்சிக்கொல்லிகளோ ஒட்டுண்ணிக் குளவிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அதேவேளையில், சில இலைகளே உள்ள எலுமிச்சை நாற்றை இரண்டு பெரிய புழுக்கள் மொட்டையாக்கிவிடும் என்பதும் உண்மை. நாற்றங்கால்களில் எலுமிச்சை அழகியின் புழு கவனிக்க வேண்டிய பூச்சிதான். வீட்டில் அத்தகைய நிலை வந்தால் புழு இருக்கும் இலையைக் காம்போடு கிள்ளி, வளர்ந்த கறிவேப்பிலை, நாரத்தை அல்லது வில்வத்தின் கிளையில் வைத்துவிடலாம். புழு தானே புதிய இலைக்கு ஏறிக்கொள்ளும். நாற்றின்மேல் கொசுவலைத் துணியைப் போர்த்தினால் மறுபடி முட்டையிடுவதையும் தடுக்கலாம்.

எந்தச் செடியைப் புழுவுக்கு விடுவது, எதைக் காப்பது என்பதை வீட்டார் இவ்வாறு தெரிந்தே முடிவு செய்யலாம். கடிபட்ட இலையைக் கண்டதும் மருந்தை எடுக்காமல் இலையைத் திருப்பிப் பார்ப்பது அதற்கு முதற்படி. அங்கே எச்சம் போன்ற ஒரு சிறு புழு இருந்தால், அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு மறுநாளும் போய்ப் பார்க்கலாம்.